யோசேப்புக் கிடங்கில் சூடேறிய ரை

ஆம்ஸ்டர்டாமில் ஒரு மணி தானியம் விளையாது. சேற்றில் மரக்கட்டைகளை அடித்து இறக்கி அதன்மேல் வீடு கட்டிக்கொண்ட ஊர் இது. இங்கே எதை விதைத்து எதை அறுப்பது? ஆனால் கிழக்கே கடல்தாண்டி டான்சிக்கில் எவனோ கதிர் அறுத்தால் அது கப்பலேறி இங்கேதான் வந்து சேரும். ஸ்பெயின்காரனுக்குப் பசித்தாலும் இத்தாலிக்காரனுக்குப் பசித்தாலும் எங்கள் கால்வாய்க்கரையில் வந்துதான் கையேந்த வேண்டும். இதைச் சொல்லி மார்தட்டாத ஆள் எங்கள் பேட்டையில் கிடையாது. எங்கள் கறுப்பு ரொட்டிக்கான தானியம் ரை, அதில் ஒரு படி வாங்க வக்கில்லாதவன்கூட 'நம்ம தானியம்' என்றுதான் பேசுவான். பேசிவிட்டுப் போகட்டும், பேச்சுக்கு என்ன வரியா கட்டுகிறோம்?

ஹில்லாவும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவள்தான். ப்ரவர்ஸ் கால்வாய்க்கரையில் ஐந்து மாடித் தானியக் கிடங்கு ஒன்றில் அவளுக்கு வேலை. கிடங்கின் முகப்பில், எகிப்து தேசத்துப் பஞ்சத்தில் யோசேப்பு ஏழைகளுக்குத் தானியம் அளந்து போடுவதைக் கல்லில் செதுக்கி வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். அதனால் யோசேப்புக் கிடங்கு என்றே அதற்குப் பேர். அந்தக் கல்லைச் செதுக்கியவனுக்குக் கொடுத்த கூலியைத் தவிர, முதலாளி டெர்க்சன் ஏழைபாழைக்கு வேறு எதுவும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் செய்தது தானியம் புரட்டும் வேலை. கொட்டி வைத்த தானியம் சும்மா கிடக்கும் என்று நினைக்கிறவர்கள் தானியத்தோடு பழகாதவர்கள். அது மூச்சுவிடும். ஈரம் இருந்தால் அடியில் சூடேறும், வேர்க்கும், முளைவிடும், பிறகு அழுகும். அதனால் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மரத்துடுப்பால் அள்ளி அள்ளி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ள வேண்டும். தள்ளி முடித்ததும் அங்கிருந்து இங்கே. வருஷம் பூராவும் இதே பிழைப்பு. செருப்பு போடக் கூடாது. வெறுங்காலில் நடந்தால்தான் எங்கே சூடு பிடிக்கிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியும், செருப்புக்குள் தானியத்தை ஒளித்துக்கொண்டும் போக முடியாது. பாவாடையில் பை வைத்துத் தைக்கக் கூடாது. சாயங்காலம் வாசலில் லுப்பர்ட் மேஸ்திரி நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் பாவாடையை உதறச் சொல்லுவான்.

"நல்லா உதறுங்கடி. எஜமானோட சொத்து மடிப்புல மாட்டிக்கிட்டு அழுவப்போவுது."

"நாங்க பட்டினி கெடந்து மடிப்பே இல்லாமப் போச்சு மேஸ்திரி," என்பாள் அலெய்ட். அவள் ஹில்லாவோடு ஜோடியாகப் புரட்டுகிறவள். நாலு பிள்ளைக்காரி, வாயாடி.

"நீ வாயைப் புரட்டற வேகத்துக்குக் கையைப் புரட்டினா இந்நேரம் அஞ்சு மாடியும் முடிஞ்சிருக்கும்."

"வாய்க்குக் கூலி கெடையாது பாருங்க, அதான் தாராளமாப் புரட்டுறேன்."

ஹில்லா சிரிப்பாளே தவிர அதிகம் பேச மாட்டாள். படகோட்டிப் புருஷன் கால்வாயில் விழுந்து போய்ச் சேர்ந்தான். பெற்றதெல்லாம் கொள்ளைநோயில் மண்ணுக்குப் போயிற்று. அதன் பிறகு தங்கை ஆக்தாவோடு சாயக்காரர் சந்தில் ஒரு நிலவறையில் குடியிருந்தாள். ஆக்தாவின் புருஷன் சீப்ராண்ட் டான்சிக் கப்பலில் மாலுமி. இலையுதிர்காலத்தில் கடைசிக் கப்பலில் போனவன் அங்கேயே பனியில் மாட்டிக்கொண்டான். கடல்பனி உடைந்து அவன் வந்து சேர்ந்தால்தான் அவன் சம்பளமும் வரும். அதுவரைக்கும் ஹில்லாவின் கூலிதான் மூன்று வயிற்றுக்கும்.

மூன்றாவது வயிறு மைக்கா. ஆக்தாவின் பெண், இரண்டு வயசு. சாயங்காலம் ஹில்லா படியிறங்கும் சத்தம் கேட்டதுமே "லா! லா!" என்று தத்தித் தத்தி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். ஹில்லா தலைக்குட்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுப்பாள். குழந்தை முடிக்குள் விரலை விட்டுத் துழாவி, சிக்கியிருக்கும் ரை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு மணி அகப்பட்டால் ஒரு கெக்கலிப்பு. லுப்பர்ட்டின் கண்ணுக்குத் தப்பி அந்தக் கிடங்கிலிருந்து வெளியே போன தானியம் அவ்வளவுதான்.

"குரங்குக்குட்டி பேன் பாக்குது பாரு," என்பாள் ஆக்தா.

"பாக்கட்டும்டி. என் செல்லம் பாக்காம வேற யாரு பாப்பா?"

அந்த வருஷம் கோடையெல்லாம் மழை. டான்சிக்கிலிருந்து வந்த ரை நனைந்து வந்தது, அதுவும் குறைவாக வந்தது. வழக்கமாக முழங்கால் உயரத்துக்குப் பரப்பி வைக்கிற மாடிகளில் டெர்க்சன் இடுப்பு உயரத்துக்குக் கொட்டச் சொன்னார். ஒரு படிகூட விற்கவில்லை. அவர் மட்டுமா? கால்வாய்க்கரை பூராவும் கிடங்குகள் புடைத்து நின்றன, கதவுகள் பூட்டியிருந்தன. விலை ஏற ஏற இன்னும் ஏறட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். வைக்கோற்போரில் படுத்த நாயாவது தானும் தின்னாது என்று ஒரு நியாயம் உண்டு. இவர்கள் தின்றுகொண்டே படுத்திருந்தார்கள்.

வாரா வாரம் நகரசபை ரொட்டி விலையை அறிவிக்கும். வாரா வாரம் ஏறியது. முதலில் வெண்ணெய் போயிற்று, பிறகு பாலாடைக்கட்டி போயிற்று, பிறகு உப்பு மீன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆயிற்று. ரை ரொட்டியும் டர்னிப் கிழங்கு வேகவைத்த தண்ணீருமாக நாள் ஓடியது. மைக்காவின் கை குச்சியாகிவிட்டது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. அது கெக்கலிப்பதுகூடக் குறைந்துபோயிற்று.

ஒரு சாயங்காலம் ஆக்தா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, இன்னொரு தடவை ரொட்டி வெலை ஏறுச்சுன்னா என்னால ஆகாது. இவளைக் கொண்டுபோய் அநாதை விடுதி வாசல்ல விட்டுடுவேன்."

"வாயக் கழுவுடி!"

"கழுவறேன். கழுவிட்டு என்னத்தைத் திங்கறது?"

"அங்க விட்ட குழந்தைங்க உயிரோட திரும்பி வந்து நீ பாத்திருக்கியா?"

"இங்க வெச்சிருந்தா மட்டும் உயிரோட பாப்பமா? அங்க கஞ்சியாவது ஊத்துவாங்க. ரா முழுக்கப் பசிக்குது பசிக்குதுன்னு சிணுங்குது. நீ தூங்கிடறே. நான் கேட்டுக்கிட்டே கெடக்கறேன்."

ஹில்லா தூங்குவதில்லை. அவளும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அன்றைக்கும் கிடந்தாள், அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சனியன் பிடித்த யோசனை.

சில வருஷங்களுக்கு முன்பு அதே கிடங்கில் இரண்டாம் மாடி ரை சூடேறிவிட்டது. சூடேறிய தானியத்தை வைத்திருக்க முடியாது, நாளாக நாளாக நாறிவிடும். லுப்பர்ட் உடனே பேட்டையின் ரொட்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டான். பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே அரைத்து அன்றைக்கே சுட்டார்கள். அந்த வாரம் சந்து முழுக்க ரொட்டி மலிவு, கறுப்பாக, கொஞ்சம் இனிப்பாக, நல்ல ரொட்டி. ஹில்லாவுக்கு அந்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது. இப்போதும் ஒரு மாடி சூடேறினால் என்ன? டெர்க்சன் விற்றுத்தானே ஆகவேண்டும்? ஒரு மாடி ரை பேட்டைக்குள் இறங்கினால் விலை கொஞ்சமாவது தணியும். பனி உடைந்து சீப்ராண்ட் வரும்வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். திருட்டும் இல்லை, யார் கழுத்தையும் அறுக்கவும் இல்லை. பாம்பும் சாகும், கோலும் முறியாது.

மறுநாளிலிருந்து மூன்றாம் மாடியில், வடக்குச் சுவரோரம், மேலாகப் புரட்டிவிட்டு அடியை அப்படியே விட்டாள். அந்தப் பக்கத்து ஜன்னல் கதவையும் சாத்தி வைத்தாள்.

"குளுருதா?" என்றாள் அலெய்ட்.

"எலும்புக்குள்ள போவுதுடி."

"எனக்கு எலும்பு மட்டும்தான் மிச்சம், அதுவும் போவட்டும்." அலெய்ட் சந்தேகப்படவில்லை. ஹில்லாவின் கால்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. லுப்பர்ட்டுக்கும்தான். "ஹில்லா மிதிச்ச எடத்தை நான் மறுபடி மிதிக்கிறதில்லை," என்று அவன் பெருமையாகச் சொல்லுவான்.

சில நாளில் சூடு தெரிய ஆரம்பித்தது. வெளியே கால்வாய் கெட்டியாக உறைந்திருந்தது, மூச்சு வாயருகிலேயே புகையாக நின்றது. மரத்துப்போன கால் அந்தச் சுவரோரம் படும்போது மட்டும் வெதுவெதுவென்று சுகமாக இருந்தது. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் தொடுகிற சூடு. கையை எடுக்க மனசு வரவில்லை. 'கர்த்தரே, என் பிள்ளைக்காக,' என்று முணுமுணுத்துக்கொண்டாள். என் பிள்ளை என்றுதான் சொன்னாள், தங்கை பிள்ளை என்று சொல்லவில்லை.

வாசனை கீழ்மாடி வரை வந்தபிறகுதான் லுப்பர்ட் கண்டுபிடித்தான். தலையில் அடித்துக்கொண்டான். பாதி மாடி போயிருந்தது. உள்ளே தோண்டினால் வெள்ளை வெள்ளையாக முளை. டெர்க்சனுக்கு ஆள் போயிற்று. அவர் நீர்நாய்த் தோல் கழுத்துப்பட்டை வைத்த கறுப்புக் கோட்டோடு, ஏணிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் எஜமான். எப்படி ஆச்சுன்னே தெரியலை. ஈரம் ஜாஸ்தி," என்று லுப்பர்ட் உளறினான். "ரொட்டிக்காரங்களுக்குச் சொல்லிவிடட்டா? இன்னிக்கே தள்ளிட்டா மாவாக்கிடுவாங்க."

ஹில்லா துடுப்பை நிறுத்திவிட்டாள். சொல்லு, சரின்னு சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது.

டெர்க்சன் ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரொட்டிக்காரனுக்கா? நகரசபை கட்டிவெச்ச வெலைக்கு மேல அவன் ஒரு செப்புக்காசு தருவானா? வேஸ்ப் ஊருக்கு ஆள் அனுப்பு. சாராயம் காய்ச்சறவங்க ரையை நனைச்சு, மொளைகட்ட வெச்சு, எவ்வளவு மெனக்கெடறாங்க தெரியுமா? அந்த வேலையை நம்ம கெடங்கே முடிச்சுக் குடுத்துடுச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குவாங்க."

ஹில்லாவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "எஜமான், போன தடவை சூடேறினப்போ நம்ம ரொட்டிக்காரங்களுக்குத்தானே..."

லுப்பர்ட் முறைத்தான். டெர்க்சன் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "போன தடவை வெலை எறங்கிக்கிட்டு இருந்துச்சும்மா. வெச்சிருந்தா நஷ்டம். இப்ப ஏறிக்கிட்டில்ல இருக்கு?"

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் தானியத்திலேயே கால் வைத்து நடந்தவளுக்கு அது எப்போது சூடேறும், எப்போது அழுகும் என்று தெரிந்தது. விலை எப்படிச் சூடேறும் என்று தெரியவில்லை. யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

டெர்க்சன் படியில் இறங்கப் போனவர் நின்றார். "லுப்பர்ட், நாலாம் மாடியிலயும் நனைஞ்ச ரைதானே? அதையும் பொரட்ட வேணாம். அப்படியே விட்டுடு."

"அப்ப பொரட்டற பொம்பளைங்களை என்ன செய்யறது எஜமான்?"

"பொரட்டாததுக்கு எதுக்கு ஆளு? வசந்தத்துல புதுச் சரக்கு வரும்போது வரச்சொல்லு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சும்மாவா சொன்னார்கள்! அதிலும் இந்த யானை செத்தபோது கூடுதலாகவே கொடுத்தது. டெர்க்சன் நல்ல மனுஷன் வேறு. போகிறபோது கூலியாட்களுக்கு ஒரு பீப்பாய் பீர் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கால்வாய்ப் பனிமேல் குதிரை கட்டிய சறுக்குவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. மூன்றாம் மாடி ரையை மூட்டையாகக் கட்டிக் கப்பியில் இறக்கினார்கள். கடைசி நாள் கூலி என்று ஹில்லாவும் அலெய்ட்டும்தான் மூட்டை கட்டினார்கள். கீழே கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். முதலில் ஒருத்தி நயமாகக் கேட்டாள், பிறகு எல்லோரும் கத்தினார்கள், ஒருத்தி யோசேப்புக் கல்லின்மேல் பனிக்கட்டியை விட்டெறிந்தாள். நகரக் காவலர்கள் வந்து தடியால் தள்ளினார்கள். வண்டிகள் போய்விட்டன.

"எவளோ ஒழுங்காப் பொரட்டாம விட்டிருக்கா," என்றாள் அலெய்ட், சாக்குக் கயிற்றைப் பல்லால் இறுக்கிக்கொண்டே. "நாம வராத நாள்ல பொரட்டின ஜோடியா இருக்கும். கையில கெடைச்சாள்னா மயித்தப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பனியில ஓட்டை போட்டு உள்ள தள்ளுவேன். என் நாலு பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டாளே, பாவி."

ஹில்லா அடுத்த மூட்டையை இழுத்துக் கட்டினாள். பீர் வாங்கவும் போகவில்லை. தன் பங்கை அலெய்ட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள்.

தானியம் ஊரைவிட்டு வெளியே போகிறது என்ற சேதி ரொட்டிக்கடைகளுக்குப் போயிற்று. அந்த வாரம் விலை ஏறியது, அடுத்த வாரம் தாவியது. வேறு கிடங்குக்காரர்களும் டெர்க்சனைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பியவளாக ஹில்லா தெருத்தெருவாக வேலை தேடினாள். மீன் சந்தையில் கேட்டாள், கரி விற்கிறவனிடம் கேட்டாள், வெளுக்கிற இடத்தில் கேட்டாள். "போம்மா, இருக்கறவளுக்கே வேலையில்லை," என்றார்கள். ஒருநாள் இருட்டுகிற நேரத்தில், யாரோ கொடுத்த மீன்தலை இரண்டைக் குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள். படியிறங்கினாள். "லா" என்ற குரல் வரவில்லை.

ஆக்தா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"எங்கடி?"

ஆக்தா தொட்டில் துணியை எடுத்து மடித்தாள்.

"ஆக்தா, கொழந்தை எங்கடி?"

"தூங்கிக்கிட்டு இருந்தா. முழிச்சா அழுவாளேன்னு தூங்கறப்பவே தூக்கிட்டுப் போயிட்டேன்." ஆக்தா ஹில்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் கம்பளிச் சட்டையைச் சுத்திதான் வெச்சேன். உன் வாசனை இருந்தா அழமாட்டா இல்ல? விடுதிக் கதவைத் தட்டிட்டு ஓடி வந்துட்டேன். யாரோ தொறந்து எடுத்தாங்க. மூலையில நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

ஹில்லா மீன்தலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். விடுதி வாசலில் காவல்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்து அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஒரு பொண் கொழந்தை... கம்பளிச் சட்டை சுத்தி..."

"ஆமா. உன்னுதா?"

"இல்லீங்க."

"பின்ன யாருது? சொல்லு. பெத்துப்போட்டுட்டு எங்க தலையில கட்டிட்டு ஓடினவ பேரு என்ன? ஊரு சொத்துன்னா எல்லாருக்கும் எளக்காரமாப் போச்சு. பேரைச் சொல்லு, சவுக்கடி குடுத்து ஊர்வலம் விட்டாத்தான் அடுத்தவளுக்குப் பயம் வரும்."

பிள்ளையை வாசலில் விட்டவளுக்குச் சந்தையில் கம்பத்தில் கட்டிச் சவுக்கடி. அது ஹில்லாவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மைக்காவைக் கேட்டால் ஆக்தாவைக் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்து வாங்கினாலும் வீட்டில் ஊட்ட என்ன இருக்கிறது? இரண்டு மீன்தலை.

"எனக்குத் தெரியாதுங்க. தெருவுல பேசிக்கிட்டாங்க, கேட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவள் தலைக்குட்டையை அவிழ்த்தபோது ஒரு ரை மணி மேசைமேல் விழுந்தது. கிடங்கை விட்டு வந்து அத்தனை நாளாகியும் எங்கேயோ சிக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அக்காவும் தங்கையும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பசிதான். இருந்தாலும் யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் விடுதியின் பின்வாசலில், துணி வெளுக்கிறவர்கள் வந்துபோகும் பக்கம் போய் நிற்பது ஹில்லாவுக்கு வழக்கமாயிற்று. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பிள்ளைகள் அழுவது மட்டும் கேட்கும். அத்தனை அழுகையில் ஒன்றைப் பிரித்தெடுக்கப் பார்ப்பாள். கடைசியில் ஒரு வெளுக்கிறவள் இரக்கப்பட்டு நின்றாள்.

"யாரைத் தேடறே? சும்மா சொல்லு, நான் போய்ச் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

"ரெண்டு வயசு. காதுக்குப் பின்னால செவப்பா ஒரு மச்சம்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அடப் பாவமே. பேன்காரியா?"

"என்னது?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். யார் தூக்கினாலும் தலைக்குட்டையை இழுத்துவிட்டு முடிக்குள்ள வெரலை விட்டுத் துழாவும். ஒண்ணும் அகப்படலைன்னா அடுத்த ஆள்கிட்டத் தாவும். எல்லாரு தலையையும் பாத்துடுச்சு. பேன் பாக்கற புள்ளைன்னு சிரிப்போம்." அவள் குரல் இறங்கியது. "காய்ச்சல் கண்டுச்சும்மா. போன வாரமே போயிடுச்சு. நெறையப் புள்ளைங்க போச்சு."

ஹில்லா அழவில்லை என்று பிறகு அந்த வெளுக்கிறவள் எங்களிடம் சொன்னாள். தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாளாம், இன்னும் இன்னும் இறுக்கிக் கட்டினாளாம், கழுத்து நரம்பு புடைக்கும்வரைக்கும். வீட்டுக்கு வந்து ஆக்தாவிடம் சொன்னாள். ஆக்தா கேட்டுக்கொண்டாள். தொட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அன்றிலிருந்து அவள் வாய் திறந்து பேசி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பனி உடையத்தான் செய்தது. எப்போதுதான் உடையாமல் இருந்திருக்கிறது? துறைமுகம் பூராவும் பாய்மரம், கரை பூராவும் சுமைகூலி, தேவாலயங்களில் நன்றிப் பாட்டு. டான்சிக்கில் தானியம் மலை மலையாகக் காத்துக்கிடந்ததாம். விலை விழுந்தது. டெர்க்சன் அதற்கு முன்பே கடைசி மாடியையும் காலி பண்ணிவிட்டார். புதுவீட்டுக்கு இத்தாலியிலிருந்து சலவைக்கல் வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் சந்தில் ரொட்டி வாசனை அடித்தது. அலெய்ட்டின் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு மென்றன. லுப்பர்ட் ஆள் அனுப்பி ஹில்லாவைக் கூப்பிட்டான்.

"வா வா, உன் காலு இல்லாம ஓடலை. இந்தத் தடவை ஒழுங்காப் பொரட்டுங்க, வெலை எறங்குது."

அவள் போனாள். போகாமல் என்ன செய்வாள்? மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து, கப்பிக் கயிற்றோரம் நின்று, கீழே படகிலிருந்து ஏறிவரும் மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டாள். காலின்கீழ் காலிப் பலகை சில்லென்று இருந்தது.

"அக்கா! ஹில்லாக்கா!"

கீழே சரக்குப் படகில் சீப்ராண்ட். தாடி வளர்ந்து, முகம் கறுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். கப்பலிலிருந்து சரக்கோடு நேரே இறங்கியிருக்கிறான், வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

"இதை எறக்கிட்டுத்தான் வீட்டுக்கு விடுவானாம் கப்பல்காரன், பாவிப்பய! வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சின்னவ ஓடுறாளா? என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஆட்டிக் காட்டினான். "டான்சிக்ல வாங்கினேன். அம்பர்ங்கற பிசின்கல்லுல செஞ்ச மணி. கழுத்துல போட்டாப் பல்லு நோவாம மொளைக்குமாம். இந்தா, மூட்டையோட கட்டி அனுப்பறேன். என்னைவிட நீங்கதான் சீக்கிரம் வீட்டுக்குப் போவீங்க!"

மூட்டை மேலே வந்தது. அதன் கழுத்தில் சிவப்பு நூலில் தேன் நிறத்தில் ஒரு மணி, ஒரு குழந்தைக் கழுத்துக்கு அளவான நூல். ஹில்லா அதை அவிழ்த்தாள். லுப்பர்ட் பின்னாலிருந்து, "மூட்டையைக் கொட்டும்மா, கயிறு காத்துக்கிட்டு இருக்கு," என்றான். அவள் மூட்டையைக் கொட்டவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ப் படியிறங்கி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த தொட்டிலையும் வாயடைத்த ஆக்தாவையும் பார்ப்பதற்கு முன்னால் யாராவது சொல்லியாக வேண்டும். மணியைக் கையில் பிடித்தபடி ஏணிப்படியில் இறங்கினாள். வெறுங்காலோடு கரைக்கு வந்து நின்றாள்.

"அட, நீங்களே எறங்கி வந்துட்டீங்களா!" என்று சீப்ராண்ட் படகிலிருந்து தாவி வந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து, மணியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"சீப்ராண்ட், எல்லாம் என்னாலதான். மூணாம் மாடியில ரையைப் பொரட்டாம விட்டது நான்தான்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குளிர்காலம் முழுக்க டான்சிக்கில் கிடந்துவிட்டு வந்தவனுக்கு என்ன புரியும்? சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, "அது கெடக்கட்டும்க்கா," என்றான். "மைக்கா எங்க?"